செவுத்துல 18, வாளிக்குள்ள 23

கோல்ஷ்ங்கற ஜெர்மன் கொலோன் ஊர் பீருக்கான ஈஸ்ட் பாக்கெட்ட திருப்பிப் பாத்தா, எந்த டெம்பரேச்சர்ல நொதிக்க விடணும்னு 13லேர்ந்து 21 டிகிரின்னு போட்டிருக்கும். எல்லாம் செல்சியஸ்தான், அமெரிக்கக் கம்பெனிங்க ஃபாரன்ஹீட்ல போட்டிருப்பாங்க, நான் மாத்திச் சொல்றேன். எட்டு டிகிரி இடைவெளி. இதுல எத எடுத்துக்கறது, நடுவால 17ன்னு வச்சுக்கலாமா, கெல்லர்ல, அதாவது வீட்டுக்குக் கீழ இருக்கற நிலவறைல, என்ன குளிர்ச்சி இருக்கோ அதுவே போதுமா, இல்ல ஃப்ரிட்ஜ் வாங்கித்தான் ஆகணுமான்னு வீட்டுல புதுசா பீர் போடுற எல்லாரும் ஒரு தடவ முழிப்பாங்க. நானும் முழிச்சேன். அப்புறம், வெயில் காலத்துலயும் நம்ம கெல்லர் 18தான, ரேஞ்சுக்குள்ளதான இருக்குன்னு தைரியமா இறங்கிட்டேன்.

நான் இருக்கறது ரைன் ஆத்துப் பக்கம் ஒரு வாடகை ஃப்ளாட், கீழ ஆளுக்கு ஒண்ணுன்னு மரச்சட்டம் அடிச்சுப் பிரிச்ச கெல்லர், என்னோடதுல செவுத்துல ஒரு தெர்மாமீட்டர் தொங்கும். ஜூலை மாசம். வோர்ட்ட, அதாவது மால்ட்ங்கற முளைகட்டின பார்லிய ஊறவச்சு வடிச்சு, கசப்புக்கு ஹாப்ஸ்ங்கற பூ போட்டுக் கொதிக்க வச்ச அந்த இனிப்புச் சாற, குழாத் தண்ணி ஓடவிட்டு ஆத்திப் பாத்தேன், அன்னைக்கு அடிச்ச வெயிலுக்கு 24க்குக் கீழ இறங்கவே மாட்டேன்னுடுச்சு. சரி, கெல்லர்ல வச்சா தானா இறங்கிடும்னு ஈஸ்ட்ட கொட்டி மூடிட்டேன். மறுநாள் சாயங்காலம் போனா ஏர்லாக், அதான் வாயு மட்டும் வெளிய போக மூடில சொருகற தண்ணி அடைப்பு, படபடன்னு அடிச்சுக்கிட்டு இருக்கு, ஒரே சந்தோஷம். செவுத்துல 18. வாளில ஒட்டியிருந்த ஸ்டிக்கர் தெர்மாமீட்டர்ல 23. ஸ்டிக்கர்தான் தப்பா காட்டுதுன்னு நெனச்சுட்டு மேல வந்துட்டேன். ஒரு மாசம் கழிச்சு பாட்டில தெறந்தா பேரிக்கா மிட்டாய் வாசன, அதுக்குப் பின்னாடியே லேசா நெயில் பாலிஷ், முழுங்கினா தொண்டையில சாராயம் மாதிரி ஒரு சூடு. ஸ்டிக்கர் சரியாத்தான் காட்டியிருக்கு.

ஈஸ்ட் சர்க்கரைய தின்னுட்டு ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்ஸைடும் மட்டும் தர்றதில்ல, சூட்டையும் தருது. ஒரு கிலோ சர்க்கரை நொதிச்சா சுமாரா 580 கிலோஜூல் வெளிய வரும். சாதாரண கோல்ஷ் கணக்குக்கு 20 லிட்டர் வோர்ட், ஆரம்ப கிராவிட்டி, அதாவது தண்ணிய 1ன்னு வச்சா வோர்ட்டோட அடர்த்தி, 1.048ன்னு வைங்க, உள்ள கரைஞ்சு இருக்கறது ரெண்டரை கிலோ, அதுல ஈஸ்ட் உண்மையில தின்னு முடிக்கறது 1.6 கிலோ பக்கம். பெருக்கினா 930 கிலோஜூல் பக்கம் வருது. இந்தச் சூட்டுல துளிகூட வெளிய போகலேன்னு வச்சுக்கிட்டா 20 லிட்டர் பீரும் 11 டிகிரி ஏறிடும். நிஜத்துல மூணு நாலு நாளா பரவி வர்றதாலயும் வாளி வழியா கொஞ்சம் கொஞ்சமா வெளிய போறதாலயும் அவ்வளவு ஏறாது, ஆனா உச்சத்துல இருக்கற அன்னைக்கு நாலஞ்சு வாட் நைட் லேம்ப் ஒண்ணு வாளிக்குள்ளயே எரியுற மாதிரிதான். ரூமைவிட மூணு நாலு டிகிரி அதிகமா நிக்கறது ரொம்ப சாதாரணம். என் கேஸ்ல ஆரம்பிச்சதே 24ல, அது இறங்கறதுக்குள்ள ஈஸ்ட் சூடாக்க ஆரம்பிச்சிடுச்சு, பத்தாததுக்கு வாளியச் சுத்தி பழைய கம்பளத்த வேற சுருட்டி வச்சிருந்தேன், கெல்லர்ல இடம் இல்லேன்னு.

அதனால யாராவது 18ல போட்டேன்னு சொன்னா, எதோட 18ன்னு நான் மொதல்ல கேப்பேன். ரூமா, ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்கற காத்தா, பீரா? ரெசிபில எழுதியிருக்கற நம்பர் பீரோட நம்பர். ரேஞ்சு பத்தின சண்டைல பாதி இந்தக் குழப்பத்துலதான் வருது.

இப்ப கொஞ்சம் பின்னாடி போகணும், ஏன்னா ஜெர்மன் ஏல்னு சொல்றதே கொஞ்சம் விசித்திரமான சரக்கு. ஜெர்மனின்னா லாகர்னுதான் எல்லாருக்கும் தோணும். ஜெர்மன்ல பீர ரெண்டா பிரிப்பாங்க, ஓபர்கேரிஷ், உண்டர்கேரிஷ்னு, அதாவது ஈஸ்ட் மேல நுரையோட பொங்கி நிக்கறது ஒண்ணு, அடியில படியுறது ஒண்ணு. மேல பொங்குற ஏலுக்கு பொதுவா 15லேர்ந்து 22, அடியில படியுற லாகருக்கு 8லேர்ந்து 13. பவேரியாவுல 1553ல ஒரு உத்தரவு போட்டாங்க, ஏப்ரல் 23லேர்ந்து செப்டம்பர் 29 வரைக்கும் பீர் காய்ச்சக்கூடாதுன்னு. வெயில்ல போட்ட பீர் கெட்டுப்போகுதுங்கறதுதான் காரணம். குளிர்காலத்துல மட்டும்தான் காய்ச்சலாம்னு ஆனதும், குளிர் தாங்குற ஈஸ்ட்தான் அங்க நிலைச்சது, லாகர் அங்க வேர் விட்டது இப்படித்தான். கொலோன்ல கத தலைகீழ். 1603ல அந்த ஊர் நகர சபை அடியில படியுற பீருக்குத் தடை போட்டு, மேல பொங்குற பீர்தான் எங்க ஊர் பீருன்னு புடிச்சு நின்னுச்சு. அதே குளிர், அதே மாதிரி கெல்லர், ஆனா ஏல் ஈஸ்ட். அந்த ஈஸ்ட் தலமுற தலமுறயா குளிர்லயே பழகிப் பழகி, மத்த ஏல் ஈஸ்ட் தூங்கிப்போற 14, 15 டிகிரிலயும் வேலை செய்யுற ஜாதியா வந்துடுச்சு. பக்கத்து ஊர் டுசெல்டார்ஃப்ல ஆல்ட்டும் அப்படித்தான், ஆல்ட்னா பழசுன்னு அர்த்தம், பழைய முறைல போட்ட பீர்.

லாகர் ஈஸ்டே ஒரு கலப்புதான், ஏல் ஈஸ்ட்டும் சாக்கரோமைசிஸ் யூபயானஸ்னு குளிர் தாங்குற ஒரு காட்டு ஈஸ்ட்டும் சேந்தது. அந்தக் காட்டு ஈஸ்ட்ட 2011லதான் அர்ஜென்டினா பக்கம் பட்டகோனியாவுல கண்டுபுடிச்சு சொன்னாங்க. இந்தக் கலப்பு 1600கள் ஆரம்பத்துல மியூனிக் அரண்மனை பீர் ஆலைல, கோதுமை பீர் போட்ட ஏல் ஈஸ்ட் அந்த யூபயானஸோட சேந்தப்ப நடந்திருக்கலாம்னு 2023ல ஒரு ஆய்வு வந்துச்சு. கருதுகோள்தான், ஆனா எனக்கு ரொம்பப் புடிச்ச கருதுகோள், ஏன்னா ஏல், லாகர்னு நாம கோடு போட்டுப் பிரிக்கறது ஈஸ்ட்டுக்குத் தெரியவே தெரியாது. கோல்ஷும் அந்தக் கோட்டு மேலதான் உக்காந்திருக்கு. ஈஸ்ட் ஏல், ஆனா நொதிச்சு முடிஞ்சதும் வாரக்கணக்குல 0லேர்ந்து 5 டிகிரிக்குள்ள வச்சு லாகர் மாதிரியே ஆற விடுவாங்க.

கோல்ஷ்ங்கற பேரு வேற யாரும் வைக்க முடியாது, 1986ல 24 ஆலைங்க சேந்து ஒப்பந்தம் போட்டு, வெளிர் நிறம், தெளிவு, நல்லா நொதிச்சு வறண்ட சுவை, ஹாப்ஸ் தெரியணும், மேல பொங்குற ஈஸ்ட், இதெல்லாம் இருந்தாதான் கோல்ஷ்னு எழுதி வச்சுட்டாங்க, 1997லேர்ந்து ஐரோப்பிய யூனியன் பாதுகாப்பும் இருக்கு. நம்ம வாளில வர்றது கோல்ஷ் மாதிரி ஒண்ணு, அவ்வளவுதான். அந்தத் தெளிவுங்கற வார்த்தைய ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி உதைக்கும்.

சரி, டெம்பரேச்சர் ஏறினா சுவை ஏன் மாறுது? இட்லி மாவு பொங்க வைக்கிற யாருக்கும் பாதி புரியும். மார்கழில ராத்திரி முழுக்க வச்சாலும் மாவு சும்மா கெடக்கும், சித்திரைல கொஞ்சம் அசந்தா பாத்திரத்த விட்டு வழிஞ்சு புளிச்சுப் போயிருக்கும். சூடு ஏறினா வேகம் ஏறும், அது பீருக்கும் உண்டு. ஆனா பீர்ல வேகத்தோட போகாம, வழில ஈஸ்ட் என்னென்ன சில்லற சாமான் பண்ணிப் போடுதுங்கறதும் சேந்து மாறுது, அதுதான் நம்ம மூக்குக்கும் நாக்குக்கும் வர்றது.

ஈஸ்ட் கொட்டினதும் மொதல்ல அது பெருகும், அதுக்கு புரதம் கட்டணும், அதுக்கு வோர்ட்ல இருக்கற அமினோ அமிலங்கள எடுத்து உடைச்சு நைட்ரஜன எடுத்துக்கும். மிச்சம் இருக்கற எலும்புக்கூட்ட ஆல்கஹாலா மாத்தி வெளிய தள்ளிடும். இதுதான் ஃபியூசல் ஆல்கஹால், இந்த வழிய ஏர்லிஷ்னு ஒரு ஜெர்மன் வேதியியல்காரர் 1907ல விளக்கினதால அவர் பேர்லயே சொல்றாங்க. லூசின்ங்கற அமினோ அமிலம் இந்த வழியா போனா ஐசோஅமைல் ஆல்கஹால் வரும். அதோட அசிட்டைல் கோஏங்கற இன்னொரு சாமானக் கோத்தா ஐசோஅமைல் அசிட்டேட், அதாவது வாழப்பழ, பேரிக்கா மிட்டாய் வாசன. சாதாரண எத்தனாலோட கோத்தா எத்தில் அசிட்டேட், நெயில் பாலிஷ் வாசன. இப்படிக் கோத்து வர்றதுக்கு எஸ்டர்னு பேரு. இந்தக் கோக்குற வேலைக்கு ஒரு நொதி இருக்கு, சூடு ஏற ஏற அதுவும் வேகமா வேலை பாக்கும், அதுக்குக் கெடைக்கற ஃபியூசல் ஆல்கஹாலும் ஏறும், ரெண்டும் சேந்து அடிக்கும். இதெல்லாம் பெரும்பாலும் ஈஸ்ட் பெருகற கட்டத்துல, மொத ரெண்டு மூணு நாள்ல முடிஞ்சுடும். நான் கத்துக்கிட்டதுல பெரிய விஷயம் இதுதான், மொத மூணு நாள் கோட்ட விட்டுட்டு அப்புறம் எவ்வளவு குளிர வச்சாலும் அந்த பேரிக்கா போகாது. மொத மூணு நாள் ஒழுங்கா வச்சிருந்தா, பின்னாடி மூணு டிகிரி ஏறினாலும் ஒண்ணும் ஆகாது. ஏறத்தான் வேணும்.

ஏன் ஏறணும்னா டயசெட்டில். வெண்ணெ வாசன, பாப்கார்ன் கட வாசன. ஈஸ்ட் பெருகும்போது ஆல்ஃபா அசிட்டோலாக்டேட்னு ஒண்ணு வெளிய கசியும், அதுக்கு வாசன கெடையாது, ஆனா பீர்ல கெடந்து மெதுவா டயசெட்டிலா மாறும், மாறினத ஈஸ்ட் திரும்ப உள்ள இழுத்து வாசன இல்லாததா ஆக்கிடும். ஒரு லிட்டர்ல 0.1 மில்லிகிராம் இருந்தாலே பல பேருக்குத் தெரிஞ்சிடும். இதுல மெதுவான கட்டம் அந்த மாற்றம்தான், அது சூட்டுல வேகமா நடக்கும். கடைசி வரைக்கும் 14லயே புடிச்சு வச்சு சட்டுன்னு குளிர வச்சீங்கன்னா ஈஸ்ட் தூங்கிடும், மாறாதது உள்ளயே தங்கிடும், பாட்டில்ல போட்டு ஒரு மாசம் கழிச்சு வெண்ணெயா வந்து நிக்கும். பீர் கெட்டுப்போச்சுன்னு நெனப்பீங்க, கெடல, நீங்க அவசரப்பட்டிருக்கீங்க.

இப்ப பாக்கெட்டுக்கு வருவோம். வையீஸ்ட்ங்கற கம்பெனியோட 2565 கோல்ஷ் ஈஸ்ட்டுக்கு 13லேர்ந்து 21. ஒயிட் லேப்ஸ்ங்கற இன்னொரு கம்பெனியோட டபிள்யூஎல்பி029, அதுவும் கோல்ஷ்க்குன்னு விக்கறதுதான், அதுக்கு 18லேர்ந்து 20ன்னு போட்டு, நல்லா வேகம் புடிச்சப்புறம் தவிர 17க்குக் கீழ வச்சா சரியா போகாதுன்னும் சேத்துச் சொல்லுவாங்க. ரெண்டும் ஒரே பீருக்கு! அதனால கோல்ஷுக்கு எந்த டெம்பரேச்சர்ங்கற கேள்வியே அரைகுறக் கேள்வி, எந்த ஈஸ்ட்டோட கோல்ஷ்னுதான் கேக்கணும். 029ஐ 14ல போட்டுட்டு நாலு நாளா ஒண்ணும் அசையலேன்னு பொலம்பினா அது ஈஸ்ட்டோட குத்தம் இல்ல. அப்புறம், ரேஞ்சுங்கறது இந்த எல்லைக்குள்ள ஈஸ்ட் வேலை செஞ்சு முடிக்கும்னு கம்பெனி சொல்ற வாக்கு, இந்த எல்லைக்குள்ள எங்க வச்சாலும் ஒரே ருசி வரும்னு யாரும் சொல்லல.

நான் 2565தான் போடறேன். இப்ப பண்றது இப்படி: வோர்ட்ட 14 வரைக்கும் எறக்கிட்டுதான் ஈஸ்ட். குழாத் தண்ணில 20 வரைக்கும்தான் வரும்னா, வாளிய மூடி ஃப்ரிட்ஜுல வச்சுட்டு ராத்திரி தூங்கிடுவேன், காலைல ஈஸ்ட். பாத்திரம் சுத்தமா இருந்தா ஏழெட்டு மணி நேரம் வோர்ட் சும்மா இருந்தா ஒண்ணும் ஆகாது. கீழ ஆரம்பிச்சு மேல போறது ஈஸ்ட்டுக்கு சுலபம், மேலேர்ந்து கீழ இழுக்கறதுதான் கஷ்டம். குளிர்ல போடறதால ஈஸ்ட் கொஞ்சம் தாராளமா வேணும், சாதாரண ஏலுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு டிகிரி பிளேட்டோவுக்கு (வோர்ட்ல எத்தன சதவீதம் சர்க்கரை மாதிரி கரைஞ்சிருக்குங்கற அளவு) 7.5 லட்சம் செல்னு ஒரு கணக்கு உண்டு, இதுக்கு 10 லட்சம் வச்சுக்கறேன். 12 பிளேட்டோ, 20 லிட்டர்னா 24,000 கோடி செல், ஒரு பையில இருக்கறது பத்தாது, ஸ்டார்ட்டர் போட்டுப் பெருக்கித்தான் ஆகணும். கூடவே நல்லா குலுக்கி ஆக்ஸிஜன் ஏத்திடணும், ஆக்ஸிஜன் நல்லா கெடைச்ச ஈஸ்ட் எஸ்டரக் கம்மியாதான் போடும்.

அப்புறம் மூணு நாள் பீர 15.5ல புடிச்சு நிறுத்துவேன். மொத நாள் ஒண்ணும் தெரியாது, ரெண்டாம் நாள் மெல்லிசா வெள்ளை நுரை, மூணாம் நாள் காலிஃப்ளவர் மாதிரி மேடு மேடா ஏறி நிக்கும். இந்த ஈஸ்ட்டோட நுரை அடங்கவே அடங்காது, நொதிச்சு முடிஞ்சும் மேல ஆடை மாதிரி கெடக்கும், அதப் பாத்துட்டு இன்னும் முடியலேன்னு காத்துக்கிட்டு இருக்கக்கூடாது, கிராவிட்டி அளக்கற ஹைட்ரோமீட்டர நம்பணும். கிராவிட்டி 1.020 பக்கம் வந்ததும் ஒரு நாளைக்கு ஒரு டிகிரின்னு 18 வரைக்கும் ஏத்துவேன். பாதிக்கு மேல அதுவா ஏறும், நான் ஃப்ரிட்ஜ் கண்ட்ரோலர்ல நம்பர மட்டும் மாத்தணும். 1.010, 1.009 பக்கம் வந்து ரெண்டு நாள் அசையலேன்னா ஒரு சோதனை. ரெண்டு சின்ன கண்ணாடி ஜாடில பீர் எடுத்து மூடி, ஒண்ண அப்படியே வச்சுட்டு இன்னொண்ண 60, 65 டிகிரி சுடுதண்ணில அரை மணி நேரம் ஊற வைப்பேன். அந்தச் சூட்டுல மிச்சம் இருக்கற அசிட்டோலாக்டேட் எல்லாம் டயசெட்டிலா மாறிடும். ரெண்டையும் ஒரே குளிர்ச்சிக்குக் கொண்டுவந்து மோந்து பாக்கணும். சூடு பண்ணினதுல மட்டும் வெண்ணெ வாசன வந்தா இன்னும் ரெண்டு மூணு நாள் 18லயே இருக்கட்டும். ரெண்டுலயும் வரலேன்னாதான் குளிர வைக்கறது. ஒரு தடவ சளி புடிச்சிருந்தப்ப இத பண்ணிட்டு பாஸ்னு முடிவு பண்ணினேன், அதப் பத்தி மேல பேச வேணாம்.

அடுத்தது குளிர். 18லேர்ந்து 2க்கு நாலஞ்சு நாள்ல மெதுவா. இங்கதான் அந்தத் தெளிவு வந்து உதைக்கும், 2565 சீக்கிரம் அடங்கி அடில படியுற ஈஸ்ட் கெடையாது, தூசி மாதிரி மெதந்துக்கிட்டே இருக்கும். ஆலைங்கள்ல ஃபில்டர் இருக்கு, நம்மகிட்ட நேரம்தான் இருக்கு, மூணுலேர்ந்து அஞ்சு வாரம், பொறுமை இல்லேன்னா ஜெலட்டின் போட்டுப் படிய வைக்கலாம். இன்னொண்ணு, பீர் குளிரும்போது உள்ள இருக்கற வாயு சுருங்கி வெளிக் காத்த இழுக்கும், ஏர்லாக்ல இருக்கற தண்ணியும் சேந்து உள்ள போகும், குளிர வைக்கறதுக்கு முன்னாடி அத கழட்டி ஓட்டைய அடைச்சிடுங்க.

ஆல்ட்டுக்கு இதே வண்டிதான். வையீஸ்ட் 1007 போட்டா ரேஞ்சு 13லேர்ந்து 20, நான் 16ல ஆரம்பிச்சு 18ல முடிப்பேன். ஆல்ட்ல மால்ட்டும் கசப்பும் தடிமனா இருக்கறதால ஒரு டிகிரி கூடப் போச்சுன்னா அது மறைச்சுடும். கோல்ஷ்ல ஒளிஞ்சுக்க எடமே கெடையாது, தயிர்சாதத்துல கல்லு கெடந்த மாதிரி மொத வாயிலயே தெரிஞ்சிடும். மொத தடவ போடறவங்க ஆல்ட்ல ஆரம்பிக்கறது நல்லதுன்னு நான் சொல்றது அதனாலதான்.

ஹெஃபெவைட்சன்ங்கற கலங்கலான கோதுமை பீருக்கு வந்தா எல்லாமே மாறிடுது. கோல்ஷ்ல எத ஒழிக்கணும்னு இவ்வளவு பாடுபட்டோமோ அந்த வாழப்பழம் இங்க வேணும், கூடவே கிராம்பும் வேணும், ரெண்டும் சண்ட போடாம இருக்கணும். வாழப்பழம் அதே ஐசோஅமைல் அசிட்டேட். கிராம்பு வேற வழில வருது. கோதுமை, பார்லி உமில ஃபெருலிக் அமிலம்னு ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும், வைட்சன் ஈஸ்ட் அத உடைச்சு 4-வினைல் குவையக்கால்னு ஆக்கிடும், அதுதான் கிராம்பு வாசன. மத்த ஏல் ஈஸ்ட்ல பெரும்பாலும் இந்த வேலைக்கான ஜீன் செத்துப்போயிருக்கும், வைட்சன் ஈஸ்ட்ல உயிரோட இருக்கு. அதனால கிராம்பு வேணும்னா மொதல்ல மால்ட்ட ஊறவைக்கும்போதே 43லேர்ந்து 45 டிகிரில ஒரு 15 நிமிஷம் நிறுத்தி அந்த ஃபெருலிக் அமிலத்த வெளிய எடுக்கணும், அத செய்யாம ஃபெர்மெண்டர்ல, அதாவது நொதிக்கற வாளில, மட்டும் குளிர வச்சு கிராம்பு வரலையேன்னா எப்படி வரும்?

வையீஸ்ட் 3068க்கு 18லேர்ந்து 24ன்னு போட்டிருக்கும். 24ல வச்சா வாழப்பழம் தூக்கும், 17, 18ல வச்சா வாழப்பழம் அடங்கி கிராம்பு மேல வரும்னு பொதுவா சொல்லுவாங்க, ஓரளவுக்கு உண்மைதான், ஆனா கிராம்பு அதிகமாகல, வாழப்பழம் கம்மியானதால கிராம்பு தெரியுது. ஜெர்மனில பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, ஈஸ்ட் போடுற டிகிரியும் நொதிக்க விடுற டிகிரியும் கூட்டினா 30 வரணும். 12ல போட்டு 18 வரைக்கும் விடு, 10ல போட்டா 20 வரைக்கும் விடலாம். ஏன் 30ன்னு கேட்டா வேதியியல்ல பதில் இல்ல, அனுபவத்துல வந்த கை அளவு. ஆனா அதுக்குள்ள ஒரு புத்தி இருக்கு, ஈஸ்ட் பெருகற நேரத்த குளிர்ல வச்சுட்டு பெருகி முடிஞ்சப்புறம் விட்டுக்குடுக்கறது, கோல்ஷ்ல நாம பண்ணினதேதான். நான் 13, 17ல போட்டுப் பாத்தேன், 20, 22லயும் போட்டுப் பாத்தேன். மொதல்ல சொன்னதுதான் எனக்குப் புடிச்சது, வீட்டுல பிள்ளைங்க பப்பிள்கம் வாசன அடிக்குதுன்னு மூக்கப் பொத்தினது ரெண்டாவது.

டெம்பரேச்சர் மட்டும் பாத்துட்டு மிச்சத்த மறந்தா வைட்சன் ஏமாத்திடும். ஈஸ்ட் கம்மியா போட்டா அது அதிகமா பெருக வேண்டியிருக்கும், எஸ்டர் ஏறும். ஆழமான உயரமான டேங்க்ல அழுத்தமும் கரைஞ்ச கார்பன் டை ஆக்ஸைடும் எஸ்டர அமுக்கும், பவேரியாவுல பழைய வைட்சன் ஆலைங்க சில எடத்துல இன்னும் திறந்த, ஆழம் கம்மியான தொட்டில நொதிக்க விடறதுக்கு இது ஒரு காரணம். நம்ம 20 லிட்டர் வாளில ஆழம் ஒரு முழம்கூட இல்ல, அதனால பெரிய ஆலை 22ல எடுக்கற வாழப்பழத்த நம்ம வாளி 18லயே குடுத்துடும். ஆலையோட நம்பர எடுத்து வந்து வீட்டுல ஒட்டினா தப்பு வர்றது இங்கதான். இன்னொண்ணு, வைட்சன வாரக்கணக்குல குளிர வச்சு தெளிய வைக்காதீங்க, அது கலங்கலா, புதுசா குடிக்கற சரக்கு. பெர்லினர் வைஸ, கோஸ மாதிரி புளிப்பு ஏல் ரெண்டையும் நான் இதுல சேக்கல, லாக்டோபேசில்லஸ் 35, 40 டிகிரி கேக்கற பாக்டீரியா, அது வேற சமையல்.

இவ்வளவு சொல்லிட்டு எப்படி புடிச்சு நிறுத்தறதுன்னு சொல்லணுமே. பழைய ஃப்ரிட்ஜ் ஒண்ணு, ரெண்டு பிளக் உள்ள டெம்பரேச்சர் கண்ட்ரோலர் ஒண்ணு, ஒரு பிளக்ல ஃப்ரிட்ஜ், இன்னொண்ணுல சின்ன ஹீட்டிங் பெல்ட். சென்சார ஃப்ரிட்ஜுக்குள்ள காத்துல தொங்கவிட்டா கண்ட்ரோலர் காத்தப் பாத்துத் திருப்திப்பட்டுக்கும், பீர் தன் பாட்டுக்கு நாலு டிகிரி மேல நிக்கும், என் கெல்லர் கதையேதான். வாளியோட பக்கத்துல, பீர் மட்டத்துக்குக் கீழ, டேப் போட்டு ஒட்டி, மேல ஒரு பாத்திரம் தேய்க்கற ஸ்பான்ஞ்ச வச்சு மூடி இன்னொரு டேப் போட்டீங்கன்னா உள்ள இருக்கற பீரோட டெம்பரேச்சர கிட்டத்தட்ட சரியா காட்டும். எவ்வளவு விலகினா கண்ட்ரோலர் வேலை செய்யணும்ங்கற வித்தியாசத்த 0.5 டிகிரின்னு வைங்க, 0.1ன்னு வச்சா கம்ப்ரசரும் ஹீட்டரும் ஒண்ண ஒண்ணு துரத்திக்கிட்டே கெடக்கும், கரண்ட் பில்லு உங்களுக்கு.

ஃப்ரிட்ஜ் இல்லேன்னா நம்ம மண்பானை தத்துவம். அகலமான தொட்டில தண்ணி, அதுக்குள்ள ஃபெர்மெண்டர், மேல பழைய டிஷர்ட்ட மாட்டி அடிப்பக்கம் தண்ணில நனையுற மாதிரி விட்டு எதிர்ல ஃபேன். காத்துல ஈரம் கம்மியா இருந்தா மூணு நாலு டிகிரி எறங்கும். அதுக்கு மேல வேணும்னா பாட்டில்ல தண்ணிய உறைய வச்சு தொட்டில போடறது. 1.5 லிட்டர் பனிக்கட்டி உருகி 15 டிகிரிக்கு வர்றதுக்குள்ள 600 கிலோஜூல் பக்கம் இழுத்துடும். மேல பாத்த 930ஐ ஞாபகம் வச்சுக்கிட்டா, பீரோட மொத்த சூட்டுக்கும் ரெண்டு பாட்டில்கூட வேணாம். ஆனா வெளி ரூம்லேர்ந்து உள்ள வந்துக்கிட்டே இருக்கற சூடு இருக்கே, அதுக்குதான் காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு மாத்த வேண்டியிருக்கு. ஊர்ல இருக்கற பிரெண்டு ஒருத்தன் சென்னைல இத பண்ணலாமான்னு கேட்டான். 32 டிகிரி ரூம், கடல் காத்து ஈரம், டிஷர்ட் வேலைக்கு ஆகாது, அத விடு, தமிழ்நாட்டுல 1937ஆம் வருஷ மதுவிலக்குச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம வீட்டுல பீர் போடறதே குத்தம்னு சொன்னேன். ஜெர்மனில சொந்தக் குடிக்கு ஒரு அளவு வரைக்கும் வரியில்லாம விடறாங்க.

கடைசியா ஒரு எடத்துல பல பேர் தடுக்கி விழறாங்க, நானும் விழுந்தேன், அதையும் சொல்லிடறேன். பாட்டில்ல போடும்போது வாயு வர்றதுக்கு எவ்வளவு சர்க்கரைன்னு கால்குலேட்டர்ல போட்டா பீரோட டெம்பரேச்சர் என்னன்னு கேக்கும். என் பீர் ஒரு மாசமா 2 டிகிரில இருக்கு, 2ன்னு போட்டேன். குளிர்ந்த பீர் அதிகமா வாயுவ புடிச்சு வச்சிருக்கும், ஏற்கெனவே 1.6 பங்கு, அதாவது ஒரு லிட்டர் பீருக்கு 1.6 லிட்டர் வாயு, உள்ள இருக்குன்னு அது நெனச்சுக்கிட்டு, 20 லிட்டருக்கு 70 கிராம் போதும்னு சொல்லிடுச்சு. ஆனா நொதிச்சு முடிஞ்சப்ப பீர் 18ல இருந்துச்சே, அப்பவே பாதி வாயு ஓடிப்போச்சு, உள்ள தங்கினது 0.9 பங்குதான், அப்புறம் குளிர வச்சா போன வாயு திரும்பியா வரும்? நொதிச்சு முடிஞ்சதுக்கு அப்புறம் பீர் தொட்ட அதிகபட்ச டெம்பரேச்சரதான் அங்க போடணும். 18ன்னு போட்டா 120 கிராம் வரும், கோல்ஷுக்கு வேண்டிய 2.5 பங்கு வாயு அப்பதான் கெடைக்கும். 70 போட்ட அந்த நாப்பது பாட்டிலையும் தெறந்தா உஸ்ஸுன்னு ஒரு சத்தம்கூட வரல, வாசன மட்டும் அவ்வளவு சுத்தம், பேரிக்கா இல்ல, வெண்ணெ இல்ல. மேல் வீட்டுக்காரர் கொலோன்காரர், ஒரு கிளாஸ் குடுத்தேன், மோந்து பாத்துட்டு தலையாட்டினாரு, ஒரு வாய் குடிச்சுட்டு, இது நேத்து ஊத்தி வச்சதான்னு கேட்டாரு.